பல்லவிக்குத் திரும்பும் ஜெபம்

சி.எஸ்.ஐ. ஆலயங்களில் ஆராதனைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வகைப் பாட்டு பழக்கம். ஒன்று பாமாலை: பெரும்பாலும் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பிறந்த மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொல் அமைத்தவை. மற்றது கீர்த்தனை: மேலே இராகமும் தாளமும் அச்சிட்டு, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று இறங்குபவை. சபையாக எழுந்து நின்று பாட பாமாலைக்கு ஈடு கிடையாது. நான்கு குரல் சேர்ந்தால் கட்டிடமே நிமிர்ந்து உட்காரும். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக முழங்காலில் நிற்கிறவருக்குக் கைகொடுப்பது கீர்த்தனைதான் என்பது என் கட்சி. காரணம், அதன் பல்லவி.

"இரங்கும் ஐயா" என்ற மாதிரி ஒரு பல்லவி என்று வையுங்கள். எடுத்த எடுப்பில் அது வழக்கமான விண்ணப்பம். பழக்கத்தில் வாய் சொல்லிவிடும். முதல் சரணத்தில் பேதுரு கடலில் அமிழ்கிறான். பல்லவி. அடுத்ததில் பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் அவதிப்பட்ட பெண் கூட்டத்துக்குள் கை நீட்டி வஸ்திரத்தின் ஓரத்தைத் தொடுகிறாள். பல்லவி. பிறகு சிலுவையில் தொங்கும் கள்ளன். பல்லவி. சொல் மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த வரிசையில் நாம் ஓர் ஆள் முன்னே நகர்ந்திருக்கிறோம். கடைசிச் சரணத்தில் முன்னால் மறைக்க யாரும் இல்லை. இப்போது "இரங்கும்" என்றால் அது நமக்காக நாமே கேட்பது.

திரும்பத் திரும்பச் சொல்வது ஜெபமாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் வீண்வார்த்தைகளை அடுக்கவேண்டாம் என்று இயேசுவே எச்சரித்திருக்கிறார். ஆனால் அதே மத்தேயு 26ஆம் அதிகாரத்தில், கெத்செமனே தோட்டத்தில், அவர் மூன்று தடவை போய் ஜெபிக்கிறார். மூன்றாம் தடவை அந்த வார்த்தைகளையே சொன்னார் என்று எழுதியிருக்கிறது. கவனித்து வாசித்தால் இன்னொன்றும் தெரியும். முதல் தடவை, கூடுமானால் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்கிறார். இரண்டாம் தடவை, நான் குடித்தாலொழிய இது நீங்காதென்றால் உம்முடைய சித்தப்படி ஆகட்டும் என்கிறார். வேண்டுதல் ஒன்றுதான், ஆனால் "கூடுமானால்" என்பது "நீங்காதென்றால்" என்று ஆகிவிட்டது. பிதாவோடு ஒட்டி வாழ்ந்தவருக்கே அந்த இடத்துக்கு வந்து சேர ஒரு சுற்று தேவைப்பட்டிருக்கிறது. நடுவில் சீஷர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. தனி ஜெபம் அனேகமாக இப்படித்தான் நடக்கிறது, பக்கத்து அறையில் குறட்டைச் சத்தத்தோடு.

சங்கீதப் புத்தகத்துக்கும் இந்த வித்தை தெரியும். 136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள். ஒவ்வொன்றும் கர்த்தருடைய கிருபையைச் சொல்லும் ஒரே வரியில் முடிகிறது. 13ஆம் சங்கீதத்தில் தாவீது எடுத்ததுமே "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்டுச் சண்டை போடுகிறான். அந்நியரிடம் யாரும் இப்படி நச்சரிப்பதில்லை.

தமிழில் இந்த ஜெபக்கலையைச் செய்துகாட்டிய முதல் பெரிய ஆள் வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சாவூரில் படித்தார். பின்னாளில் மன்னரான சரபோஜி அவருடைய படிப்புத் தோழர். சற்று வடக்கே திருவையாற்றில் தியாகராஜர் தம் இராமனிடம் உரிமையோடு முறையிட்டுப் பாடிக்கொண்டிருந்த அதே காலம். தஞ்சை மண்ணில் அப்போது கடவுளோடு பேச இராகம் ஒரு வழியாகவே இருந்தது. சாஸ்திரியார் அதில் இயேசுவிடம் நடந்தார். அவருடைய கீர்த்தனைத் தொகுப்பின் பெயரே 'ஜெபமாலை'. சுவார்ட்ஸ் காலத்துக்குப் பிறகு வந்த இளம் மிஷனரிகளுக்கு ஆலயத்தில் இந்த இசை பிடிக்கவில்லை. சாஸ்திரியார் எதிர்த்து நின்றார். அந்தச் சண்டையில் சாதி வித்தியாசத்தையும் சேர்த்தே அவர் காப்பாற்றப் பார்த்தார். அதில் அவர் பக்கம் நிற்க என்னால் முடியாது. இசை விஷயத்தில் அவர் சொன்னதே சரி.

பல்லவி இல்லாமலே இதே காரியத்தைச் சாதித்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1827இல் பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில், கம்பனில் ஊறிய வைணவ வீட்டில் பிறந்தவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி 1894இல் 'இரட்சணிய யாத்திரிகம்' வெளியிட்டார். அவர் பாடல்களில் சபைகள் இன்றும் கைவிடாதது 'சத்தாய் நிஷ்களமாய்'. அதன் முதல் நான்கு அடிகளைப் பாருங்கள். முதல் இரண்டும் வேதாந்தப் பண்டிதர் பேசும் உயரம்: சத்து, சித்து, ஆனந்தம், திரித்துவம். அங்கே கடவுள் இருக்கிறார், மனிதன் இல்லை. மூன்றாம் அடியில் மாணிக்கவாசகர் பாணியில் தன்னை நாய் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் உள்ளே வருகிறான், எதைக்கொண்டு கரையேறுவேன் என்று விழிக்கிறான். நான்காம் அடியில் அப்பா என்று கூப்பிட்டு, உன்னைத் தவிர எனக்கு யார் என்கிறான். நான்கே அடிக்குள் ஆகாயத்திலிருந்து மடிக்கு வந்தாயிற்று. அடுத்தடுத்த பாட்டுகள் எங்கே போனாலும் அந்தக் கேள்வியில்தான் வந்து இறங்குகின்றன. சுந்தரரின் மழபாடிப் பதிகம் தெரிந்தவர்களுக்கு இந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்று சொல்லவேண்டியதில்லை. மதம் மாறிய புலவருக்குப் பழைய காது மாறவில்லை. அழும்போது பழகிய ஓசையில்தானே அழ வரும்?

இன்றைய ஆராதனைப் பாட்டுகளிலும் ஒரே வரி பத்துத் தடவை வருகிறது. கீபோர்டு ஒரு படி ஏறுகிறது, டிரம்ஸ் சேர்கிறது, உணர்ச்சியும் ஏறுகிறது. நல்லவையும் உண்டு. ஆனால் பலவற்றில் நடுவில் சரணம் என்று ஒரு பயணமே இல்லை. ஏறியது ஒலி மட்டும். பல்லவிக்குத் திரும்பவேண்டுமானால் முதலில் அதைவிட்டு எங்காவது போயிருக்க வேண்டும்.

இதில் கீர்த்தனைக்காரர்களுக்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை. மேலே தோடி என்று அச்சிட்டிருக்கும். ஹார்மோனியமும் சபையும் சேர்ந்து இழுத்ததில் கமகமெல்லாம் தேய்ந்து, எந்த இராகம் என்று கண்டுபிடிக்க வித்வானைத்தான் கூப்பிட வேண்டும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கமுடியாதது, "முதல், மூன்றாம், கடைசிச் சரணங்களை மட்டும் பாடுவோம்" என்ற அறிவிப்பு. விடுபடும் இரண்டாம் சரணத்தில்தான் பல சமயம் பாவ அறிக்கை இருக்கும். கேட்பதற்கும் நன்றி சொல்வதற்கும் நடுவே அழவேண்டிய இடத்தை நேரமில்லை என்று வெட்டிவிட்டு, பாட்டு ஏன் மனதில் ஒட்டவில்லை என்று யோசிக்கிறோம். எல்லாச் சரணங்களையும் பாடினால் ஆராதனை ஐந்து நிமிஷம் நீளும். அதைப் பிரசங்கத்தில் கழித்துக்கொண்டால் சபையில் யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை.