தொடர்ச்சியின் விலை: ‘மல்லிகை’ பற்றிய ஒரு மதிப்பீடு

சஞ்சிகையொன்றைத் தொடங்குதல் அரிய செயலன்று. ஈழத்துத் தமிழ்ச் சஞ்சிகைகளின் வரலாற்றினை நோக்குவோர்க்கு முதலிற் புலப்படுவது தொடக்கங்களின் மிகுதியும் தொடர்ச்சியின் வறுமையுமேயாகும். 1946 இல் கே. கணேஷ், கே. இராமநாதன் ஆகியோர் கொழும்பிலிருந்து வெளியிட்ட ‘பாரதி’ சில இதழ்களுடன் நின்றுபோயிற்று. அதே ஆண்டில் யாழ்ப்பாணத்திலே தோன்றிய ‘மறுமலர்ச்சி’ 1948 வரையே நிலைத்தது. சிற்பி 1958 இல் ஆரம்பித்த ‘கலைச்செல்வி’ 1966 இல் ஓய்ந்தது. பல்கலைக்கழக விடுதிகளிலே தோன்றி மறையும் கையெழுத்துச் சஞ்சிகைகளின் கதையும் இதனின்று வேறுபட்டதன்று. முதலிதழ் உற்சாகத்தில் வெளிவரும்; இரண்டாவது இதழ் தாமதமாகும்; மூன்றாவது இதழின் வேளையிற் பரீட்சை வந்துவிடும்.

இவ்வீழ்ச்சிகளுக்கெல்லாம் பணமின்மையே காரணமென்று கூறுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மையே. தனியொருவர் தம் விருப்பத்தின்பேரில் நடத்தும் முயற்சியொன்றிற்குப் பணத்தினும் பெரிய பகை நேரமாகும். பிழைப்பு, குடும்பம், நோய், ஊர்க் கடமை என்பன யாவும் அதே மனிதனின் அதே நாளிலே பங்கு கேட்கின்றன. இப்பங்கீட்டில் எழுத்தே முதலிற் கைவிடப்படுகின்றது. ஏனெனில் அதனைக் கைவிட்டால் அன்று மாலை வந்து கேட்பார் எவருமிலர். இந்நிலையிலே, ‘கலைச்செல்வி’ நின்ற அதே 1966 ஆம் ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கி 2012 இறுதிவரை வெளிவந்த டொமினிக் ஜீவாவின் ‘மல்லிகை’ எவ்வாறு நிலைத்தது என்பதும், அந்நிலைபேற்றிற்குக் கொடுக்கப்பட்ட விலை யாது என்பதும் ஆராயத்தக்க வினாக்களாகும். இதுவரை முதல் வினாவே பாராட்டுரைகளிற் பெரிதும் பேசப்பட்டுள்ளது. இரண்டாவது வினா போதியளவு எழுப்பப்படவில்லை.

‘மல்லிகை’ பிறந்த இடம் அதன் இயல்பைப் புரிந்துகொள்வதற்கு இன்றியமையாதது. ஜீவா 1927 இல் யாழ்ப்பாணத்திற் பிறந்தவர். சாதியொடுக்குமுறையின் கொடுமையை நேரிற் கண்டு, பள்ளிப்படிப்பை இடையில் நிறுத்தித் தந்தையின் சவரத் தொழிலிலே ஈடுபட்டவர். தமிழகப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் பாதிப்பினால் ‘ஜீவா’ எனும் பெயரைச் சூடிக்கொண்டவர். கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனே சஞ்சிகையின் முதற் காரியாலயமாயிற்று. தொழில் நடக்கும் இடத்திலேயே கையெழுத்துப் பிரதிகள் வந்து சேர்ந்தன, எழுத்தாளர் கூடினர், வாதங்கள் நிகழ்ந்தன. அச்சாகி வந்த இதழ்களை ஆசிரியரே கையிற் சுமந்துசென்று விற்றார்.

இதனை வறுமையின் அடையாளமாக மட்டும் நோக்குதல் பொருந்தாது. பகலிற் பிழைப்பு, இரவில் இலக்கியம் என வாழ்வை இரண்டாகப் பிரித்துக்கொள்வோர் இறுதியில் இரவினை இழந்துவிடுகின்றனர். ஜீவாவோ அவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்தார். பிழைப்பிற்கும் எழுத்திற்குமிடையே கடக்கவேண்டிய தூரம் அவர்க்கு இருக்கவில்லை. சஞ்சிகை அவரது தொழிலோடு போட்டியிடவில்லை. தொழிலிடத்தையே தன் முகவரியாக்கிக்கொண்டது. சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட தொழிற்கூடமொன்று ஒரு மொழியின் இலக்கிய முகவரியாக மாறியதிலே சமூக நியாயமும் பொதிந்திருந்தது. ஆகவே சஞ்சிகையை நிறுத்துதல் என்பது அவரைப் பொறுத்தவரை ஒரு பொழுதுபோக்கினை நிறுத்துவதாக இருந்திருக்க முடியாது. போராடிப் பெற்ற ஓரிடத்தை விட்டுக்கொடுப்பதாகவே அமைந்திருக்கும். ‘மல்லிகை’யின் நீண்ட ஆயுளுக்கு ஆசிரியரின் மனவுறுதியைக் காரணமாகக் கூறுவோர் இந்த அடித்தளத்தையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

அடுத்து, அத்தொடர்ச்சியின் தன்மை எத்தகையது என்பதனை நோக்கலாம். ‘மல்லிகை’ மாத சஞ்சிகை எனப்பட்டது. 1966 ஆகஸ்டிலிருந்து 2012 இறுதிவரையான காலம் ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது மாதங்களாகும். வெளிவந்த இதழ்களோ நானூறுக்குச் சற்று மேற்பட்டவை. அதாவது நான்கு மாதங்களுக்கு ஒன்று என்னும் விகிதத்தில், சில வேளைகளில் அதனினும் அதிகமாக, இதழ் தவறியுள்ளது. அல்லது இரு மாதங்கள் ஓரிதழில் இணைந்துள்ளன. பாராட்டுரைகள் இக்கணக்கினைக் கூறுவதில்லை. ‘தடையின்றி வெளிவந்தது’ என்ற தொடர் எளிதாக எழுதப்பட்டுவிடுகின்றது. ஆயின் இத்தவறல்களை மறைப்பது ‘மல்லிகை’க்குப் பெருமை சேர்ப்பதாகாது, அதன் உண்மையான பெருமையையே மறைத்துவிடும்.

1990 இன் பின்னர் வடபகுதிக்கான பொருளாதாரத் தடை அச்சுத்தாளினையும் அரும்பொருளாக்கிற்று. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாண நகரமே இடம்பெயர்ந்தது. கஸ்தூரியார் வீதியில் தொடங்கிக் காங்கேசன்துறை வீதிக்கு மாறியிருந்த சஞ்சிகை, தன் ஊரையும் அச்சுக்கூடத்தையும் அண்டை வாசகரையும் ஒருங்கே இழந்தது. அதன் பின்னர் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலே அது மீண்டும் வேர்கொண்டது. அப்போது ஆசிரியர் எழுபது வயதை அண்மித்திருந்தார். யாழ்ப்பாணத்தில் வாசகர் ஒரு நகரினுள்ளே நெருங்கி வாழ்ந்தனர். தலைநகரிலோ கொட்டாஞ்சேனை, மாளிகாவத்தை, வெள்ளவத்தை எனத் தமிழ் பேசுவோர் வெவ்வேறு சமய, பிரதேசப் பின்னணிகளுடன் சிதறி வாழ்கின்றனர். மாளிகாவத்தைத் தொடர்மாடியில் வாழும் முஸ்லிம் வாசகரும், வெள்ளவத்தையிற் குடியேறிய யாழ்ப்பாணத்தவரும், கொட்டாஞ்சேனையின் மலையகத் தொடர்புடைய வணிகக் குடும்பத்தினரும் ஒரே வாசகர் கூட்டமல்லர். இத்தகைய சூழலில் முதுமையிலே ஒரு சஞ்சிகையை மறுபடி தொடங்குதல் இளமையில் முதன்முறை தொடங்குவதினும் கடினமானது. தொடர்ச்சி என்பது ஒருபோதும் தவறாமையன்று. தவறிய பின்னர் திரும்பி வருதலேயாகும். ‘மல்லிகை’ தரும் முதலாவது பாடம் இதுவெனலாம்.

இனி விலையினை நோக்குவோம். ஜீவா முதலிற் சிறுகதையாசிரியர். ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960 இல் வெளிவந்து இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசினைப் பெற்றது. ‘பாதுகை’ 1962 இலும், ‘சாலையின் திருப்பம்’ 1967 இலும் வெளியாயின. எட்டு ஆண்டுகளில் மூன்று தொகுதிகள். அடித்தள மாந்தரின் வாழ்வினை அனுதாபத்தோடு மட்டுமன்றி உள்ளிருந்தே அறிந்து எழுதிய கரம் அது. ஆனால் சஞ்சிகை நிலைபெற்ற பின்னர் இந்த வேகம் தொடரவில்லை. பிற்காலத்து நூல்களிற் பெரும்பங்கு சஞ்சிகையின் வழிவந்தவை: அட்டைப்பட ஓவியங்கள், தலையங்கங்கள், ‘தூண்டில்’ கேள்வி பதில்கள், அச்சுத்தாள் அனுபவங்கள், தன் வரலாறு என்பன அவை. ஆசிரியர் வளர வளர ஆக்க இலக்கியகாரர் பின்வாங்கினார் என்று முடிவு செய்வது மிகையாகாது.

இதனைத் தியாகம் எனப் போற்றிவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆனால் திறனாய்வு அவ்வாறு செய்தலாகாது. எழுதப்படாத சிறுகதைகளை எவரும் எண்ணிக் காட்டவியலாது. ஆகவே அந்த இழப்பு கணக்கில் வருவதேயில்லை. பிறருடைய எழுத்துக்களைத் திருத்தி, அச்சுப்படி பார்த்து, சந்தா சேர்த்து, கட்டுக்கட்டாகச் சுமந்து விற்ற மணித்தியாலங்கள் ஒரு நல்ல கதைஞரிடமிருந்து எடுக்கப்பட்டவை. தமிழகத்தில் சி. சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ இதழினை நடத்தியபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. ‘வாடிவாசல்’ எழுதியவர் இதழுக்காகத் தம் உழைப்பினையும் பொருளையும் செலவிட்டார். அவருடைய பெருநாவலான ‘சுதந்திர தாகம்’ அச்சேறியது முதுமையின் விளிம்பிலேயாகும்.

அவ்விலைக்குப் பெற்றது யாது? நீண்ட ஆயுள் தன்னளவிற் சிறப்பாகாது. ‘எழுத்து’ பதினோராண்டுகளுள் புதுக்கவிதைக்கு ஒரு நிலைக்களத்தை அமைத்துவிட்டது. யாழ்ப்பாணத்திலேயே 1975 முதல் 1990 வரை முப்பத்தைந்து இதழ்களே வெளியிட்ட ‘அலை’ தேர்விலும் திறனாய்வுக் கூர்மையிலும் ‘மல்லிகை’யை விஞ்சியது என்பாருமுளர். அக்கூற்று ஒதுக்கத்தக்கதன்று. ‘மல்லிகை’யின் பக்கங்களிலே தரவேறுபாடு மிகுதி. மாதந்தோறும் பக்கங்களை நிரப்பவேண்டிய நெருக்கடி தேர்வினைத் தளர்த்தியுள்ளது. முகமன் கூறும் கட்டுரைகள் விமரிசனத்தின் இடத்தைச் சில வேளை பிடித்துக்கொண்டன.

ஆயினும் அத்தளர்ச்சியினூடே வேறொன்று நிகழ்ந்தது. அழகியற் கண்டிப்புடைய ஓர் இதழ் ஏற்றிருக்கமாட்டாத முதற் கதைகளையும் முதற் கவிதைகளையும் ‘மல்லிகை’ ஏற்றது. மலையகத்தவர், முஸ்லிம்கள், கிழக்கிலங்கையர், ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆகியோர்க்கு அது வாயில் திறந்தது. சிங்களப் படைப்புக்களைத் தமிழில் தந்தது. அட்டையிலே எழுத்தாளரின் உருவத்தைப் பதித்து, எழுதுவோரும் மதிக்கப்படவேண்டியவர் என்பதனைச் சமூகத்திற்கு உணர்த்தியது. அதன் சார்பு முற்போக்குச் சார்பே. எனினும் மாற்றுக் கருத்தினரையும் அது முற்றாக விலக்கவில்லை. குறுகிய காலத்திற் கூர்மை சாத்தியம். ஆனால் தலைமுறைகளை இணைக்கும் பணி நீண்ட காலத்தினாலேயே இயலும். 1966 இல் வாசித்தவரின் பிள்ளை அதே சஞ்சிகையில் எழுதத்தக்க காலவெளியை வேறெந்த ஈழத்துத் தனிமனிதச் சஞ்சிகை தந்தது? நூலகம் நிறுவனத்தின் எண்ணிமத் திரட்டில் அவ்விதழ்கள் பல இன்று வாசிக்கக் கிடைக்கின்றன. தரமான கதையைத் தேடுபவர் ஏமாறலாம். ஒரு சமூகம் எழுதப் பழகிய வரலாற்றைத் தேடுபவர் ஏமாறமாட்டார்.

ஆனால் இதே வலிமையிலே ஒரு குறையும் உண்டு. வாழ்வோடு ஒன்றிய முயற்சி அவ்வாழ்வோடே முடிகின்றது. 2012 இல் ஜீவாவிற்கு எண்பத்தைந்து வயது. அவரது உடல் தளர்ந்தபோது சஞ்சிகையும் நின்றது. 2021 ஜனவரியில் அவர் மறைந்தபோது அதனைப் பொறுப்பேற்று நடத்துவோர் இருக்கவில்லை. ஆசிரிய குழு, நிரந்தர நிதி, அடுத்த ஆசிரியர் என்னும் ஏற்பாடுகள் எவையும் உருவாகவில்லை. மருத்துவர் தி. ஞானசேகரன் 2000 இல் கண்டியில் தொடங்கிப் பின்னர் வெள்ளவத்தைக்குக் கொணர்ந்த ‘ஞானம்’ போன்ற முயற்சிகளும் எதிர்கொள்ளவேண்டிய பிரச்சினை இதுவே. தனிமனித உறுதி ஒரு தலைமுறையைத் தாங்கும். அதற்கப்பால் நிறுவனம் வேண்டும்.

ஆகவே ‘மல்லிகை’யைப் பின்பற்ற விழைவோர் அதன் ஆயுளை மாத்திரம் கண்டு மயங்கலாகாது. எழுத்தினை அன்றாடப் பிழைப்பின் அருகிலேயே வைத்தல், தவறிய இதழுக்காக நாணி நின்றுவிடாது திரும்பி வருதல் ஆகிய இரண்டும் அதனிடமிருந்து கற்கத்தக்கவை. முழுச் சுமையையும் ஒருவரே தாங்குதல் கற்கத்தக்கதன்று. இரண்டாவது தோள் ஒன்று இருந்திருப்பின் சஞ்சிகை அதன் ஆசிரியரைக் கடந்தும் வாழ்ந்திருக்கலாம். அச்சிறுகதையாசிரியரின் எழுதப்படாத கதைகளுட் சிலவும் எழுதப்பட்டிருக்கலாம்.