ஓலையில் ஓடும் எழுத்தாணி
அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த இத்தாலியத் துறவி வீரமாமுனிவர், புனித சூசையப்பரின் வாழ்வைக் கற்பனை வளத்தோடு 3,615 பாடல்களில் விரித்த தேம்பாவணியைத் தாங்கிய பனையோலையும், கூர்முனை இரும்புக் கோலாகிய எழுத்தாணியும் நின்று ரசிக்கத்தக்கவை. வேகவைத்து உலர்த்தி வழவழப்பாகத் தேய்த்த ஓலை இடக்கையில் தங்க, எழுத்தாணி மெல்லிய கீறல் ஒலியோடு ஓடும். அழுத்தம் கூடினால் நார் கிழியும், குறைந்தால் வரி பதியாது. குறிலைக் காட்டும் புள்ளியை ஓலையில் குத்துவது அரிதாகி எகரமும் ஏகாரமும் மயங்கிய நிலையில், நெடிலுக்குக் கொம்பைச் சுழித்துக் காட்டிய அவரது சீர்திருத்தம் எழுதும் கைக்கு இயல்பாக இசைந்தது. கரியைப் பூசித் துடைத்தபின் எழுத்துகள் கருமையாகத் தெளியும். 1747இல் அவர் மறைந்து நூறாண்டு கடந்தே புதுச்சேரியில் அச்சேறிய அக்காப்பியத்தை அதுவரை வாழவைத்தது, வரிவரியாகப் படியெடுத்தோரின் பொறுமையே ஆகும்.