நாபோத்தின் மறுப்பு

1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும் நம்மவர் யேசபேலின் வஞ்சகத்தையே கண்டிக்கின்றனர். ஆகாபின் பேரத்தைக் கவனிப்பதில்லை. அவன் மேலான தோட்டமோ பணமோ தருவதாகவே சொன்னான், விலையில் குறையில்லை. பிதாக்களின் சுதந்தரத்தை விற்கமாட்டேன் என்ற மறுப்பை ஏற்காததிலேயே பாவம் தொடங்கிற்று.

ஓசூர்ப் பகுதியில் ஊழியஞ்செய்வோர் இதனை ஊன்றி வாசிக்கவேண்டும். தனியார் நிறுவனங்களுக்கு நிலம் எடுக்கையில் 80 விழுக்காடு குடும்பங்களின் சம்மதத்தை 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கோருகிறது. தொழில்களுக்கான தமிழகத்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டமோ ஆட்சேபணையைக் கேட்பதோடு அமைகிறது. தேன்கனிக்கோட்டை மலைகளின் இருளருக்கு ஐந்தாம் அட்டவணையின் காவலும் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தரும் கிராம சபையே துணை.

ஒடிசாவின் நியமகிரியில் 2013இல் 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன. மத்திய அரசு 2014இல் அதனை ஏற்றது. யெஸ்ரயேலிலும் ஊர்ச்சபை கூடத்தான் செய்தது. ஆனால் முடிவு முத்திரையிட்ட நிருபத்தில் முன்னமே வந்திருந்தது.