அலகும் ஆறும்: மேற்குத் தொடர்ச்சி மலை குறித்த இரு அறிவியல் அறிக்கைகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுயிர், கனிமம், நீர்வளம் ஆகியவற்றை மதிப்பிட்டு நடுவண் அரசுக்கு அளிக்கப்பெற்ற இரு அறிக்கைகளை (2011, 2013) இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. இவற்றிடையே உள்ள முரணுக்குத் தரவு வேறுபாட்டைவிட, அவை தேர்ந்துகொண்ட நில அலகே அடிப்படை என்பதும், இரண்டின் அலகும் நீரின் போக்கிற்குப் பொருந்தவில்லை என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மேற்குத் தொடர்ச்சி மலை, காட்கில் அறிக்கை, கஸ்தூரிரங்கன் அறிக்கை, நில அலகு, நீர்ப்பிடிப்புப் பகுதி, கிராம சபை.

முன்னுரை

2010 மார்ச்சில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் மாதவ் காட்கில் தலைமையில் மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழுவை அமைத்தது. 2011 ஆகஸ்டில் அளிக்கப்பெற்ற அக்குழுவின் அறிக்கை உடனே வெளியிடப்படவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின்வழிக் கோரப்பட்டு, தில்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பின்னரே 2012இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அதே ஆண்டில் க. கஸ்தூரிரங்கன் தலைமையில் அமைக்கப்பெற்ற உயர்நிலைப் பணிக்குழு 2013 ஏப்ரலில் தன் அறிக்கையை அளித்தது.

முன்னது கடுமையானது, பின்னது நடைமுறைக்கு ஏற்றது என்னும் கருத்து இவ்விரு அறிக்கைகளைப் பற்றி நிலைபெற்றுவிட்டது. இக்கருத்து அறிக்கைகளின் பரிந்துரைகளை மட்டுமே ஒப்பிடுகிறது. அப்பரிந்துரைகளை ஈன்ற முறையியலை நோக்கவில்லை. இக்கட்டுரை முறையியலிலிருந்து தொடங்குகிறது.

இரு அறிக்கைகள், இரு அலகுகள்

காட்கில் குழு மலைத்தொடரை ஏறத்தாழ 9 கி.மீ. பக்க அளவுள்ள கட்டங்களாகப் பகுத்தது. ஓரிடவாழ் தாவரங்கள், அழிவாய்ப்புள்ள விலங்குகள், பசுமைமாறாக் காடு, ஆற்றங்கரைக் காடு, உயரம், சரிவு முதலியவற்றைக் கொண்டு ஒவ்வொரு கட்டத்தையும் மதிப்பிட்டது. இவ்வடிப்படையில் மலைத்தொடர் முழுவதையும், அதாவது 1,29,037 ச.கி.மீ. பரப்பை, சூழல் உணர்திறன் உடையதாகக் கொண்டு, அதனை மூன்று மண்டலங்களாகத் தரப்படுத்தியது. எல்லைகள் உள்ளாட்சி அளவில் மக்களைக் கலந்து இறுதி செய்யப்பட வேண்டும் என்றும் கூறியது. ஆயினும், இடைக்கால ஏற்பாடாக மண்டலங்களை வட்ட அளவில் அறிவித்தது. ஒரு வட்டம் முழுவதும் முதல் மண்டலம் என வரைபடத்தில் வண்ணமிடப்பட்டபோது, ‘இடைக்காலம்’ என்னும் சொல் வாசகர் மனத்தில் நிற்கவில்லை. 2013இல் இடுக்கி, வயநாட்டு உழவரிடையே எழுந்த அச்சத்திற்கு இவ்வலகுத் தேர்வும் ஒரு காரணம் எனலாம்.

கஸ்தூரிரங்கன் குழு 1,64,280 ச.கி.மீ. பரப்பை எடுத்துக்கொண்டு, செயற்கைக்கோள் படங்களின் துணையுடன் அதனை ‘இயற்கை நிலத்தோற்றம்’, ‘பண்பாட்டு நிலத்தோற்றம்’ என இரண்டாகப் பிரித்தது. குடியிருப்பும் விளைநிலமும் தோட்டப்பயிரும் உள்ள ஏறத்தாழ 60 விழுக்காடு பண்பாட்டு நிலத்தோற்றத்தைச் சேர்ந்தது. மொத்தப் பரப்பில் 37 விழுக்காடு மட்டுமே சூழல் உணர்திறன் பகுதியாகக் கொள்ளப்பட்டது. ஓர் ஊரின் பரப்பில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ உணர்திறன் உடையதெனில் அவ்வூர் முழுவதும் பட்டியலில் இடம்பெற்றது. நுண்மையான படத்தைக் கொண்டு தொடங்கிய ஆய்வு, முடிவில் வருவாய்க் கிராம எல்லைக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டது. முன்னதற்கு வட்டம் எனின் பின்னதற்கு ஊர். இரண்டும் ஆட்சி வசதிக்காக வரையப்பட்ட கோடுகளே.

குதிரேமுக்: மூன்று வளங்களின் ஓரிடம்

காட்டுயிரும் கனிமமும் நீரும் ஒன்றையொன்று எவ்வாறு பற்றியுள்ளன என்பதற்குக் கர்நாடகத்தின் குதிரேமுக் தக்க சான்றாகும். அம்மலையின் இரும்புத் தாது, சிங்கவால் குரங்குகள் வாழும் மழைக்காட்டை ஒட்டியும், துங்கா, பத்ரா, நேத்ராவதி ஆறுகள் தோன்றும் சரிவுகளிலும் அமைந்தது. 1987இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னரும் சுரங்கம் தொடர்ந்து இயங்கியது. மழைக்காலத்தில் சுரங்க வண்டல் பத்ராவில் கலப்பது வழக்கின் மையப் பொருள்களுள் ஒன்றாயிற்று. 2002இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி 2005 இறுதியில் சுரங்கம் மூடப்பட்டது. இங்குத் தாது ஓரிடத்தில் நிலைபெற்றது. வண்டலோ ஆற்றோடு சென்றது. சுரங்கத்தின் பரப்பை மட்டும் அளப்பவர்க்கு அதன் விளைவின் பரப்புப் புலப்படாது.

இரு குழுக்களும் உயர் உணர்திறன் நிலங்களில் புதிய சுரங்கங்களை மறுப்பதில் பெரிதும் உடன்படுகின்றன. நீரைக் குறித்தே பிளவு தெளிவாகிறது. அதிரப்பள்ளி நீர்மின் திட்டத்திற்கு இசைவளிக்கக் கூடாதெனக் காட்கில் குழு கூறியது. பின்னைய குழுவோ, கோடையில் 30 விழுக்காடு நீர் ஆற்றில் ஓட வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளுடன் நீர்மின் திட்டங்களை ஏற்றது. நீரின் அளவை வரையறுக்கும் இந்நிபந்தனை, இருவாட்சிகள் கூடமைக்கும் ஆற்றங்கரைக் காட்டைப் பற்றி ஏதும் சொல்வதில்லை.

அலகுக்குள் அடங்காதவை

இயற்கை, பண்பாடு என்னும் பகுப்பின் போதாமையை உயிரினச் சான்றாலும் காட்டலாம். 2003இல் அறிவியலுலகுக்கு அறிமுகமான ஊதாத் தவளை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்து, மழைத் தொடக்கத்தில் சில நாள்களே ஓடைக்கு வருகிறது. அதன் தலைப்பிரட்டைகள் ஓடும் நீரில் பாறையைப் பற்றி வளர்கின்றன. அதன் உறவினம் ஒன்று 2017இல் திருவில்லிபுத்தூர்க் காட்டுயிர் உய்விடப் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்டது. இவ்வுயிர்க்குக் காடா, தோட்டமா என்னும் பிரிவைவிட, ஈர மண்ணும் தடையற்ற ஓடையுமே இன்றியமையாதவை. செயற்கைக்கோள் படம் மர விதானத்தைக் காட்டும், இவற்றைக் காட்டாது.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்த நிலச்சரிவு இப்போதாமையை இன்னும் கடுமையாக உணர்த்துகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,550 மீ. உயரத்தில் காட்டுச் சரிவில் தொடங்கிய சரிவு, ஆற்றுவழியே ஏறக்குறைய 8 கி.மீ. தொலைவு பாய்ந்தது. ‘இயற்கை’யில் தொடங்கியது ‘பண்பாட்டில்’ முடிந்தது. இரு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலரின் உடல்கள் சாலியாற்றின் வழியே அடுத்த மாவட்டத்தில் கண்டெடுக்கப்பட்டன. அறிக்கைகள் செயற்பட்டிருப்பின் இவ்விழப்பு நேர்ந்திராது என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சரிவும் ஓடையும் குடியிருப்பும் ஒரே தொடர் என்பதை எவ்வரைபடமும் தன் அடிப்படை அலகாகக் கொள்ளவில்லை என்பதே இங்கு வலியுறுத்தப்படுகிறது.

முடிவெடுக்கும் உரிமை

அலகுத் தேர்வு உரிமைத் தேர்வும் ஆகும். காட்கில் குழு கிராம சபைகளை முடிவெடுக்கும் களமாகக் கண்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை முறையாகச் செயற்படுத்தவும் வலியுறுத்தியது. பின்னைய அறிக்கை உள்ளூர் மக்களின் இப்பங்கைச் சுருக்கியதைக் காட்கில் 2013இல் எழுதிய வெளிப்படை மடலில் கண்டித்தார். அக்கண்டனம் நியாயமானதே. எனினும், அவர் முன்மொழிந்த தீர்விலும் ஓர் இடைவெளி உண்டு. கிராம சபையின் அதிகாரம் ஊர் எல்லையோடு முடிகிறது. மேலூர்ச் சபை ஒரு கல்குவாரிக்கு இசைந்தால் கீழூரின் கிணறு என்னாகும்? ஊரே இல்லாத உயரச் சரிவைக் குறித்து, கீழே வாழ்வோர் எந்தச் சபையில் பேசுவர்? மக்களாட்சியை வலியுறுத்திய அறிக்கை இவ்வினாக்களுக்குப் போதிய விடை தரவில்லை.

நீர்ப்பிடிப்புப் பகுதியை மட்டும் அலகாகக் கொள்வதும் முழுத் தீர்வாகாது. யானைகள் நீர்ப்பிரிமேடுகளைக் கடந்து செல்பவை. எனவே, காட்டுயிர்க்கு வழித்தடம், நீருக்கு ஆற்றுவடிநிலம், கனிமத்திற்கு விளைவின் பரப்பு எனப் பல அலகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காணும் முறையே பொருத்தமானது. ஒரே ஓடையைச் சார்ந்த ஊர்களின் சபைகள் கூடிப் பேசும் அமைப்பும் அதற்கு இணையாக வேண்டும்.

முடிவுரை

2024 ஜூலை 31 நாளிட்ட ஆறாவது வரைவு அறிவிக்கை 56,825.7 ச.கி.மீ. பரப்பைச் சூழல் உணர்திறன் பகுதியாக முன்மொழிகிறது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,914 ச.கி.மீ. இவ்வறிவிக்கையும் ஊர்ப் பட்டியலாகவே அமைந்துள்ளது. தாமிரபரணியும் வைகையும் பவானியும் இம்மலைத்தொடரில் பிறந்து சமவெளிக்கு வருபவை. அவ்வாறுகளால் வாழும் சமவெளி ஊர்கள் இப்பட்டியலில் இல்லை. ஆதலால் இவ்விவாதம் தமக்குரியதன்று என அவை கருதக்கூடும். எந்த ஊர் பட்டியலில் உள்ளது என்பதோடு நில்லாமல், எந்த ஊரின் நீர் எச்சரிவிலிருந்து வருகிறது என்றும் கேட்கும் ஆய்வுகள் தமிழில் பெருக வேண்டும்.