பாடி வருகிறவனும் பிடிக்கக் காத்திருப்பவனும்

அம்மாபேட்டையில் எங்கள் நெசவுத் தெருப் பையன்கள் கேம் விஷயத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு ‘ரியல் டைம்’ சண்டைதான் சண்டை: எதிரி வாளை ஓங்கும்போதே விரல் பட்டனில் இருக்க வேண்டும். இன்னொரு கட்சி ‘டர்ன் பேஸ்டு’: உனக்கு ஒரு ஆட்டம், எனக்கு ஒரு ஆட்டம், நடுவில் வேண்டிய மட்டும் யோசிக்கலாம். முதல் கட்சி இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘திண்ணைத் தாயம்’.

பெயர் பொருத்தம்தான். 2023 ஆகஸ்டில் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ல் இருபது முகப் பகடை உருள்கிறது. 1 விழுந்தால் அடி வீண். 20 விழுந்தால் எதிரி கதை கந்தல். பெல்ஜியத்து லாரியன் நிறுவனத்தின் இந்தத் தாயம் அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதைத் தட்டிக்கொண்டு போனது. அதே ஆண்டு ஜூனில், 1987இல் டர்ன் பேஸ்டாகத் தொடங்கிய ‘ஃபைனல் ஃபேன்டஸி’ வரிசையின் 16ஆம் பாகம் முழு ரியல் டைமாக வந்திருந்தது. மாறி மாறி ஆடுவது இளைய தலைமுறைக்கு ஒட்டவில்லை என்ற பொருளில் அதன் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா பேட்டிகளில் பேசியிருந்தார். கணிப்பு பிசகிவிட்டது என்பேன்.

மாறி மாறி ஆடினால் சூடு இருக்காதா? கபடியும் அப்படித்தானே ஆடுகிறார்கள்! இவன் பாடிப் போய் வந்தால் அடுத்து அவன் பாடி வர வேண்டும். ஒரு ரெய்டுக்கு 30 நொடி. புரோ கபடியில் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ரெய்டு வாழ்வா சாவா. பிடிக்க நிற்பவரைக் கவனியுங்கள். ஆட்டம் எதிராளியுடையது, ஆனால் கார்னரில் குனிந்து நிற்பவர் கண் ரெய்டரின் குதிகாலை விட்டு அகலாது. அரை நொடி முந்திக் கால் பிடிக்கப் பாய்ந்தால் தொட்டுவிட்டு ஓடிவிடுவான். பிந்தினால் காற்றைத்தான் பிடிக்க வேண்டும்.

இதே பதற்றத்தைக் கேமில் கொண்டுவந்தது 2025 ஏப்ரலில் வந்த ‘கிளேர் அப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33’. பிரான்ஸின் மோன்பெலியே நகரத்து சாண்ட்ஃபால் நிறுவனம் செய்தது. நம் ஆட்டத்தில் நிதானமாக யோசிக்கலாம். எதிரியின் ஆட்டத்தில் கை கட்டி உட்கார முடியாது. அடி விழும் நொடியில் விலக வேண்டும், அல்லது தடுக்க வேண்டும். விலகுவது சுலபம். தடுப்பதற்குக் கிடைக்கும் நேரம் துளிதான். ஆனால் வரிசையாக வரும் எல்லா அடியையும் தடுத்துவிட்டால் பதிலடி நம்முடையது. கார்னர்காரனின் கால் பிடி அப்படியே! 2025இன் சிறந்த கேம் விருதும் இதற்குத்தான்.

இந்த இருவகைக் கலப்பு இன்று நேற்று வந்ததல்ல. 1991இல் ‘ஃபைனல் ஃபேன்டஸி 4’க்காக ஹிரோயுகி இட்டோ, நாம் யோசித்துக்கொண்டே இருந்தால் எதிரி அடித்துவிடும்படி கடிகாரத்தை ஓடவிட்டார். ஃபார்முலா ஒன் பந்தயம் பார்த்தபோது தோன்றிய யோசனையாம்.

ரியல் டைமைக் குறைத்துச் சொல்லவில்லை. 2022இன் சிறந்த கேம் ‘எல்டன் ரிங்’ முழுக்க அந்த வகைதான். அதில் பத்தாவது தடவை செத்தபின் விரல் தானாகக் கற்றுக்கொள்ளும் பாடம், தறியில் நாடாவுக்குக் கை பழகுவதைப் போல, யோசித்தால் வராது. ஆனால் எங்கள் தெருவுக்கு எது தோது என்று கேட்டால் என் ஓட்டு டர்ன் பேஸ்டுக்கு. போன வாரம் எதிர்வீட்டில் தறிக்குத் தார் சுற்றக் கூப்பிட்டார்கள். ஆடிக்கொண்டிருந்த என் தம்பி எழுந்துபோய் நாலு தார் சுற்றிவிட்டு வந்தான். பால்டர்ஸ் கேட் பூதம் ஓங்கிய கையோடு அங்கேயே நின்றிருந்தது. எல்டன் ரிங் ஆடும் எங்கள் அண்ணனால் அப்படி எழ முடியாது. அந்தக் கேமில் ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பட்டன் கிடையாது.