பனிமலை நூல்களில் தன்மையும் படர்க்கையும்

பேசுவோன் தன்மை, கேட்போன் முன்னிலை, பேசப்படுவோன் படர்க்கை. தமிழாசிரியர் இம்மூன்றையும் கரும்பலகையில் எழுதி ஒரு பாடவேளைக்குள் சிறுவர்க்கு விளக்கிவிடுவர். ஆயினும் ஒரு நூலில் தன்மையிடம் யாருக்கு வாய்க்கிறது, படர்க்கையிலேயே நின்றுவிடுவோர் யாவர் என்று கேட்டால் விடை அத்துணை எளிதாகக் கிடைப்பதில்லை. எவரெஸ்ட் மலையில் 1996ஆம் ஆண்டு மே மாதம் நேர்ந்த பேரிடரைக் கூறும் நூல்களை அடுத்தடுத்து வைத்துப் படிப்போர்க்கு இவ்வினா எழாமற் போகாது.

எவரெஸ்ட் என்றவுடன் மலேசியத் தமிழர்க்கு நினைவு வருவோர் எம். மகேந்திரனும் என். மோகன்தாஸும் ஆவர். நாட்டின் சார்பிற் சென்ற குழுவினராகிய அவ்விருவரும் 1997 மே 23ஆம் நாள் உச்சியில் நின்றனர். ஈண்டு ஆராயப்படும் நூல்கள் இரண்டும் அதே 1997ஆம் ஆண்டில் வெளிவந்தவை. ஒன்று ஜான் கிராக்கவர் எழுதிய 'இன்டு தின் ஏர்'. மற்றொன்று அனட்டோலி புக்ரீவ் என்பார் வெஸ்டன் டிவால்ட் என்னும் எழுத்தாளரோடு சேர்ந்து வெளியிட்ட 'தி கிளைம்ப்'. இவை கூறுவது நாட்டுக் குழுவின் பயணத்தை அன்று. வாணிக முறையில் நடைபெற்ற மலையேற்றத்தை.

அம்முறை இன்னதென்று முதலில் அறிதல் வேண்டும். ஒரு நிறுவனம் கட்டணம் பெற்றுக்கொண்டு வாடிக்கையாளரை உச்சிக்கு அழைத்துச் செல்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த ராப் ஹால் நடத்திய நிறுவனம் 1996இல் தலைக்கு 65,000 அமெரிக்க டாலர் கேட்டது. அடிவாரக் கூடாரம் அடிப்பது முதல் உச்சி நோக்கிப் புறப்படும் நாளைக் குறிப்பது வரை யாவும் வழிகாட்டியின் பொறுப்பு. வாடிக்கையாளன் நடந்தாற் போதும். அவன் கால் வைப்பதற்கு முன்னரே ஷெர்ப்பாக்கள் கும்பு பனியருவியின் பிளவுகள்மீது அலுமினிய ஏணிகளைக் கிடத்தியிருப்பர். செங்குத்தான இடங்களிற் கயிறு கட்டியிருப்பர். கூடாரம், உணவு, பிராணவாயுக் குப்பி ஆகியவற்றைச் சுமந்து மேலே சேர்த்திருப்பர். உச்சியில் மூச்சுக்குக் கிட்டும் பிராணவாயு கடல்மட்டத்திற் கிட்டுவதில் மூன்றில் ஒரு பங்கே. அங்கே கால் தளர்வதற்கு முன்பே அறிவு தளர்ந்துவிடும். ஆதலால், உச்சியை எட்டாவிடினும் குறித்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. 1996 மே 10ஆம் நாள் அவ்விதி காக்கப்படவில்லை. நண்பகலுக்குப்பின் ஒரு மணி, தவறினால் இரண்டு மணி என்றிருக்க, ஹாலும் அவருடைய வாடிக்கையாளர் டக் ஹான்சனும் உச்சியில் நின்றபோது மணி நான்கைக் கடந்துவிட்டது. ஹான்சன் அஞ்சலகத் தொழிலாளி. முந்திய ஆண்டு உச்சிக்கு அருகிலிருந்து அதே ஹாலால் திருப்பி அழைத்துவரப்பட்டவர். மாலையிற் புயல் மூண்டது. ஹால், மற்றொரு நிறுவனத்தின் தலைவரான ஸ்காட் பிஷர், வழிகாட்டி ஆண்டி ஹாரிஸ், ஹான்சன், ஜப்பானியப் பெண்மணி யசுகோ நம்பா ஆகிய ஐவர் தெற்குப் பக்கத்தில் இறந்தனர். இந்திய எல்லைக் காவற் படையினர் மூவர் வடக்குப் பக்கத்தில் மாண்டனர்.

கிராக்கவர் ஹாலின் குழுவில் ஒருவராகச் சென்றவர். எவரெஸ்ட் வாணிகப் பொருளாகிவிட்டதைப் பற்றி எழுதுமாறு ஒரு திங்களிதழ் அவரை அனுப்பியது. அவருடைய நூலின் பெயரே சிலேடை. உயரத்தில் நிலவும் மெல்லிய காற்று என்பது ஒரு பொருள். தடமின்றி மறைந்துபோதல் என்பது ஆங்கில வழக்குப் பொருள். நூல் உச்சியிலே தொடங்குகிறது. எத்தனையோ நாட் கனவு நிறைவேறிய அக்கணத்தில், களிப்பு ஏதும் தோன்றாமல், களைப்பு மிகுதியால் நிற்கும் ஒருவனை முதலிற் காட்டிவிட்டுப் பின்னரே கதையை முதலிலிருந்து சொல்லிவருகிறார். கதை முடிவைப் படிப்போர் முன்னரே அறிந்திருந்தும் நூலைக் கீழே வைக்க இயலாதபடி நடை இழுத்துச் செல்கிறது. மறுபக்கத்தார் இவருடைய நேர்மையை வினவலாம்; எழுத்தாற்றலை வினவ முடியாது.

நூலின் மிகச் சிறந்த பகுதி அவர் பிறரைக் குறைகூறும் இடம் அன்று. தம் சான்றே பொய்த்துப்போனதை ஒப்புக்கொள்ளும் இடமே. புயலில் இறங்கிவரும்போது கூடாரங்களுக்குச் சற்று மேலே ஒருவரைக் கண்டு பேசியதாகவும், அவர் ஆண்டி ஹாரிஸ் என்றும் கிராக்கவர் உறுதியாக நம்பினார். மறுநாட் காலை ஹாரிஸைக் காணவில்லை. கூடாரத்தருகே வந்தவர் வழி தவறி விளிம்பைக் கடந்து விழுந்திருப்பார் என்று முடிவு செய்து, இறந்தவரின் குடும்பத்தார்க்கும் அவ்வாறே கூறிவிட்டார். இரண்டு திங்கள் கழித்தே உண்மை தெரிந்தது. அன்று கண்டது ஹாரிஸை அன்று. பிஷர் குழுவைச் சேர்ந்த மார்ட்டின் ஆடம்ஸ் என்பவரை. ஹாரிஸோ கீழே வரவே இல்லை. அவர் அன்றிரவு தம்முடன் இருந்தார் என்று உயரத்தில் தனித்துக் கிடந்த ஹால் கம்பியில்லாக் கருவியிற் சொன்ன சொல் இருக்கிறது. பிறர்க்கு உதவ மேலேயே தங்கிவிட்ட ஒருவரை, வழி தவறி விழுந்தவராக உலகிற்குக் கூறியிருந்தார் கிராக்கவர். பிழையை அவரே கண்டுபிடித்து, அவரே வெளியிட்டு, அதன் சுமையையும் தாமே ஏற்கிறார். தம் பிழையை இவ்வளவு விரிவாக எழுதிக் காட்டும் நூலாசிரியர் மிகச் சிலரே.

இதனோடு ஒட்டிய மற்றோர் இடமும் உண்டு. உச்சிக்குக் கீழுள்ள தென்முகட்டில் நிறைந்த பிராணவாயுக் குப்பிகள் இருந்தன. ஹாரிஸ் அவை யாவும் வெறுங்குப்பிகள் என்று மீண்டும் மீண்டும் சாதித்தார். அவர் மூளை காற்றின்றிக் கலங்கிவிட்டது என்பதற்கு அதனினும் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. கிராக்கவரும் பல ஆண்டு மலையேறிப் பழகியவரே. ஆயினும் ஹாரிஸ் நோயுற்றிருக்கிறார் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. ஏன்? ஹாரிஸ் வழிகாட்டி, தாம் வாடிக்கையாளர். வழிகாட்டிக்கு ஊறு நேரும் என்று எண்ணும் பழக்கமே அம்முறையில் அற்றுப்போயிருந்தது. கரும்பலகையில் ஆசிரியர் தவறாகக் கூட்டிவிட்டால், ஏட்டிற் சரியாகக் கூட்டிய பையன் தன் விடையை அழித்து ஆசிரியர் விடையை எழுதிக்கொள்வதில்லையா? வாணிக மலையேற்றத்தைக் கண்டித்து எழுதப்பட்ட நூறு கட்டுரைகளினும் இவ்வொரு பகுதி கூர்மையானது. பணம் கொடுத்தவன் தன் காலை மட்டும் அன்று, தன் ஐயத்தையும் வழிகாட்டியிடம் ஒப்படைத்துவிடுகிறான் என்பதை இது காட்டிவிடுகிறது.

இவ்வளவு தெளிவுடையவர் புக்ரீவ் வரும் இடங்களில் மட்டும் நடுவர் இருக்கையில் அமர்ந்துவிடுகிறார். புக்ரீவ் பிஷர் குழுவின் வழிகாட்டி. செயற்கைப் பிராணவாயு இன்றி ஏறினார். உச்சியிலிருந்து தம் வாடிக்கையாளர்க்கு முன்னதாகவே இறங்கிவிட்டார். இவை கிராக்கவர் சாட்டும் குற்றங்கள். அவற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அன்றிரவு, ஏனையோர் கூடாரத்தை விட்டு எழ இயலாது கிடந்தபோது, புயலிற் புகுந்து தேடி மூவரை உயிருடன் மீட்டுவந்தவரும் அதே புக்ரீவ். கிராக்கவர் அதனை மறைக்கவில்லை, வியந்தே எழுதுகிறார். முன்னதாக இறங்கி இளைப்பாறியதனாலன்றோ இரவில் வெளியே செல்ல வலிமை இருந்தது என்று கேட்பாரும் உளர். உடன் இறங்கியிருந்தால் மீட்கவே வேண்டியிருந்திராது என்பாரும் உளர். ஒரே செயல் குற்றமாகவும் கொடையாகவும் நிற்கும் இவ்விடத்தில் தீர்ப்பைச் சற்றே நிறுத்தி வைத்திருக்கலாம். தம் கண் ஒரு மனிதனையே மாற்றிக் கண்டது என்று ஒப்புக்கொண்ட ஆசிரியர்க்கு அத்தயக்கம் பொருந்தியும் இருக்கும்.

'தி கிளைம்ப்' இதற்கு மறுமொழியாக அமைந்தது. நூல் என்ற அளவில் அஃது ஒரு படி தாழ்ந்ததே. டிவால்ட் படர்க்கையில் நிகழ்ச்சிகளைக் கோத்துச் செல்ல, இடையிடையே புக்ரீவ் தன்மையிற் பேசுகிறார். டிவால்ட் பகுதிகள் வழக்கறிஞர் வாதம்போல் இருக்கின்றன. சான்றுகளை அடுக்குவதில் இருக்கும் ஊக்கம் மனிதரைக் காட்டுவதில் இல்லை. புக்ரீவ் தாமே பேசும் பகுதிகளோ வேறு வகையின. அவருடைய ஆங்கிலம் குறைவுபட்டது. கருத்து குறைவுபட்டது அன்று. வழிகாட்டி எனப்படுவோன் பயிற்சி அளிப்பவனேயன்றிக் கைப்பிடித்துத் தூக்கிச் செல்பவன் அல்லன். கைப்பிடித்தே ஏற்றப்பட்டவன், பிடித்த கை இல்லாத நேரத்தில் என் செய்வான் என்பது அவர் அச்சம். சோவியத் மலையேற்றப் பள்ளியில் வளர்ந்தவர்க்கு அமெரிக்க வாடிக்கையாளன் எதிர்பார்த்தது விளங்கவில்லை. விளங்கியபோதும் அதனை ஏற்கவில்லை. அவ்வாறாயின் அவ்வேலைக்குச் சம்பளம் ஏன் பெற்றார் என்று கிராக்கவர் பக்கத்தார் கேட்கலாம். அதற்கு நூலில் நேரான விடை இல்லை. புக்ரீவ் 1997 டிசம்பர் 25ஆம் நாள் அன்னபூர்ணா மலையிற் பனிச்சரிவில் மறைந்தார். வாதம் அதன்பின்னும் ஓயவில்லை. இரு தரப்பாரும் 1999ஆம் ஆண்டுப் பதிப்புகளிற் பின்னுரைகள் சேர்த்தனர். அப்பின்னுரைகளைப் படியாமல் விடுவோர்க்கு இழப்பு அதிகமில்லை.

வாடிக்கையாளர்க்கும் தன்மையிடம் கிடைத்தது, வழிகாட்டிக்கும் கிடைத்தது. கயிறு கட்டியவனுக்கு? லொப்சாங் ஜங்பு என்னும் ஷெர்ப்பா பிஷர் குழுவின் ஷெர்ப்பாக்களுக்குத் தலைமை ஏற்றவர்; வயது 23. கயிறு கட்ட முன்னே செல்ல வேண்டியவர், ஒரு வாடிக்கையாளரைக் குறுங்கயிற்றாற் பிணைத்து இழுத்துக்கொண்டு ஏறினார். அதனாற் கயிறு கட்டுவது தாமதமாயிற்று என்பது அவர்மேல் எழுந்த குறை. அவரே புயலிற் பிஷரை விட்டுப் பிரிய மறுத்து உடனிருந்தார். பிஷர் வற்புறுத்திய பின்னரே இறங்கினார். இரண்டு நூல்களும் அவரைப் பற்றி நிறையப் பேசுகின்றன. அவர் 1996 செப்டம்பரிலேயே அதே மலையில் பனிச்சரிவில் இறந்துவிட்டார். நூல்கள் வெளிவந்ததோ மறு ஆண்டு. அவர் பெயர் வரும் பக்கங்களை அவர் பார்க்கவே இல்லை.

ஙவாங் தோப்சே என்னும் மற்றொருவர் பிஷர் குழுவிற்குச் சுமை தூக்கியவர். ஏப்ரல் மாதத்திலேயே உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்து வீழ்ந்தார். சூன் மாதம் இறந்தார். புயலில் இறந்தோர் எண்மர் என்னும் கணக்கில் அவர் சேரார். புயலில் இறக்கவில்லை அல்லவா? கிராக்கவர் அவர்க்குப் பல பக்கங்கள் ஒதுக்கியது அவருடைய பெருந்தன்மை. ஆயினும் ஙவாங் அங்கும் நோயாளியாகவே வருகிறார். நோயை மறைத்துக்கொண்டு ஏன் சுமந்தார் என்பதற்குப் பிறர் கூறும் காரணங்களே உள்ளன.

தமிழ் இலக்கணத்தார் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று ஒன்று வகுத்துள்ளனர். பேசுவோன் தன்னோடு முன்னிலையாரையோ படர்க்கையாரையோ உளப்படுத்திக் கூறுவது அது. 'உச்சியை அடைந்தோம்' என்று ஒரு வாடிக்கையாளன் எழுதும்போது அந்த விகுதி யாரை உளப்படுத்துகிறது? தன்னைப்போற் பணம் கொடுத்தவரையா, தன் குப்பியைச் சுமந்தவரையும் சேர்த்தா? மலையேற்ற நூல்களைப் படிப்போர் பக்கத்துக்குப் பக்கம் இதனைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஷெர்ப்பா ஒருவர் தன்மையிற் பேசியது புதிதன்று. டென்சிங்கின் வரலாறு 1955ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. பல மொழி பேசியும் எழுதப் படிக்க அறியாத அவர் சொல்லச் சொல்ல, ஜேம்ஸ் ராம்சே உல்மன் எழுதினார். 1953 மே 29ஆம் நாள் உச்சியில் முதலிற் கால் வைத்தவர் யார் என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்தது. ஹிலாரியே முதலில், தாம் அவர்க்குப் பின்னர் என்று டென்சிங் அந்நூலில் தெளிவாகக் கூறிவிட்டார். ஓர் ஷெர்ப்பாவுக்குத் தன்மையிடம் கிடைத்தபோது அவர் அதனைப் பயன்படுத்திய முறை அது.

அவர் மகன் ஜாம்லிங் 1996இல் படம் பிடிக்கச் சென்ற குழுவில் அம்மலையிலேயே இருந்தவர். அக்குழு தன் பிராணவாயுவை மீட்புக்குக் கொடுத்துவிட்டுப் பின்னரே, மே 23ஆம் நாள், உச்சி ஏறியது. அவர் எழுதிய நூல் 2001இல் வந்தது. அதிற் புயல் வேறு முகம் காட்டுகிறது. ஏறலாமா கூடாதா என்று லாமாவிடம் குறி கேட்ட கவலை, தந்தை தம்மை மலையேற விரும்பாமை, வாடிக்கையாளரைப் பற்றி ஷெர்ப்பாக்கள் தமக்குள் பேசிக்கொள்வது ஆகியவை முன்னிரு நூல்களில் இராதவை. ஆயினும் ஒன்று கூறவேண்டும். ஜாம்லிங் புகழ்பெற்றவரின் மகன். அமெரிக்கக் கல்லூரியிற் படித்தவர். அவர்க்கும் உடனெழுதும் ஆங்கிலேயர் அல்லது அமெரிக்கர் ஒருவர் வேண்டியிருந்தது. அவர் குரலைச் சுமை தூக்குவோர் எல்லோர்க்கும் உரிய குரலாகக் கொள்ளுதல் இயலாது.

2014 ஏப்ரல் 18ஆம் நாள் கும்பு பனியருவியிற் பனிப்பாறை சரிந்து 16 நேபாளத் தொழிலாளர் இறந்தனர். இறந்தோருள் வாடிக்கையாளர் ஒருவரும் இலர். குடும்பத்துக்கு 40,000 ரூபாய் என்று நேபாள அரசு முதலில் அறிவித்தது. அன்றைய மதிப்பில் அது 400 டாலர் அளவே. ஷெர்ப்பாக்கள் ஏற மறுத்தனர். அப்பக்கத்தில் அந்த ஆண்டின் பருவம் நின்றுபோயிற்று. ஜெனிபர் பீடம் எடுத்து 2015இல் வந்த 'ஷெர்ப்பா' என்னும் படத்தில் அவர்கள் கூடிப் பேசுவதையும் சினப்பதையும் காணலாம். பேச்சு அவர்கள் மொழியிலே நடக்கிறது. படம் பார்ப்போர்க்காக ஆங்கில எழுத்து அடியில் ஓடுகிறது.