குருதியும் கருத்தும் கடனும்

மனிதன் தன் பொருளையும் உழைப்பையும் பற்றி எடுக்கும் முடிவுகள் எங்கிருந்து பிறக்கின்றன என்னும் வினா, உயிர்நூலாரும் உளநூலாரும் பொருளியலாரும் நெடுங்காலமாக ஆராய்ந்து வருவதொன்றாகும். உடலின் இயற்கையே முடிவுக்குக் காரணம் என்பார் ஒரு சாரார். சிந்திக்கும் முறையே காரணம் என்பார் மற்றொரு சாரார். சூழலே யாவும் என்பாரும் உளர். நம் முன்னோர் இவ்வினாவை அறியாதவரல்லர். வள்ளுவர் அறத்துப்பாலை ஊழ் என்னும் அதிகாரத்தோடு முடித்துவிட்டு, பொருட்பாலிலே தெரிந்து செயல்வகை என்றும் ஆள்வினை உடைமை என்றும் அதிகாரங்கள் வகுத்தமை, இரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணும் மரபு தமிழுக்குப் பழையது என்பதைக் காட்டும். ஆயினும் இக்கட்டுரை குறளாராய்ச்சியன்று. கண்டி மலைநாட்டு மக்களைப் பற்றி நெடுங்காலம் வழங்கிவந்த ஒரு கருத்தையும், அத்தகைய கருத்துகளுக்கு மறுப்பாக அண்மையில் எழுந்த ஓர் உளநூற் கொள்கையையும் எடுத்து, இரண்டும் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதே ஈண்டு நம் நோக்கம்.

முதலாவது கருத்து கோப்பிக் காலத்தது. கண்டி இராச்சியம் 1815 இல் பிரித்தானியர் கைப்பட்டது. அடுத்த பத்தாண்டிலேயே கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் எழுந்தது. 1840களுக்குள் மலைச் சரிவுகள் பலவற்றில் காடழிந்து கோப்பி நின்றது. தோட்டத் துரைமாருக்கு ஆள் வேண்டியிருந்தது. அண்டைக் கிராமத்துச் சிங்களக் குடியானவன் நாட்கூலிக்கு வர விரும்பவில்லை. அவன் பிறவியிலேயே சோம்பன் என்று எழுதிவைத்தனர். திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மன்னார்க் கரையேறி, மாத்தளை வழியாக நடந்து வந்த தமிழனைப் பிறவியிலேயே பணிவுடையவன் என்று எழுதிவைத்தனர். ஒருவனுக்குச் சோம்பல் குருதியில் ஊறியது. மற்றவனுக்கு அடக்கம் குருதியில் ஊறியது! இகழ்ச்சி போலத் தோன்றும் முன்னதும், புகழ்ச்சி போலத் தோன்றும் பின்னதும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதை நாம் மறத்தலாகாது.

இக்கூற்று உண்மையாயின் இருவர் நடத்தையும் எந்நிலையிலும் மாறாதிருத்தல் வேண்டும். நடந்தது அதுவன்று. நாட்கூலிக்கு வராத அதே குடியானவன், காடு வெட்டுதற்கும் வண்டியோட்டுதற்கும் ஒப்பந்தமாகக் கூலி பேசியபோது வந்தான். அவனுக்கு வயலும் சேனையும் இருந்தன. விதைப்பு நாளில் அவற்றை விட்டுவிட்டுப் பிறன் தோட்டத்திற் பெயர் கொடுத்து நிற்பது அவன் கணக்குக்குக் கட்டவில்லை. தமிழனும் தொடக்கத்தில் ஆண்டு முழுதும் தங்கியவனல்லன். கோப்பிப் பழம் பறிக்கும் காலத்துக்கு வந்து, ஊரில் நெல்லறுப்புக்கு மீண்டவர் பலர். இரு பருவங்களையும் இரு நாடுகளையும் இணைத்து அவன் போட்ட கணக்கு, இலண்டனில் இருந்து கோப்பி விலை பார்த்தவரின் கணக்கினும் தாழ்ந்ததன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது மலைக்கு வந்தவர் தொகை பெருகியதற்கும் பணிவு என்னும் குணம் காரணமன்று, பசியே காரணம்.

இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. 1660 இல் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபதாண்டு கண்டி நாட்டில் வாழ்ந்து தப்பிச் சென்ற றொபட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலிலே மக்களின் ஊக்கக்குறைவைக் குறிப்பிடுகின்றார். ஆனால் அவர் அதனைக் குருதியின்மேல் ஏற்றவில்லை. பொருள் பெருகினால் இறையும் பெருகும், ஆதலின் உண்ணவும் உடுக்கவும் போதுமென்று மக்கள் அமைந்தனர் என்று அவர்கள் வாயாற் கேட்டதையே எழுதினார். கைதியாய் இருந்த ஒரு மாலுமி கண்ட நியாயத்தை, இருநூறாண்டுக்குப் பின் வந்த துரைமார் காணவில்லை. காணாமைக்குக் காரணம் அறிவுக்குறைவு என்று நான் எண்ணவில்லை. கண்டிருந்தால் கூலியை உயர்த்தவேண்டி வந்திருக்கும். மலாயா, யாவா, பிலிப்பைன் நாடுகளில் இவ்விதக் கதை எவ்வாறு வளர்க்கப்பட்டது என்பதைச் சையத் ஹுசைன் அலத்தாஸ் 1977 இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். நம் மலையைப் பற்றிப் படிப்பாரும் அந்நூலைத் தேடிப் படித்தல் நன்று.

அங்ஙனமாயின் உடலுக்கு முடிவுகளில் இடமே இல்லையோ எனின், உண்டு. துரைமார் தேடிய இடத்தில் அது இல்லை, அவ்வளவே. குருதியிலே இனத்தைத் தேடியவர்கள் அதிலிருந்த இரும்பை நோக்கவில்லை. கொளுக்கிப்புழு என்பது மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலிற் பற்றிக் குருதியை உறிஞ்சும் நுண்புழு. மலசலகூடமின்றி, காலிற் செருப்புமின்றி வாழ்ந்த லயங்களில் அது செழித்தது. றொக்பெல்லர் நிறுவனம் 1916 இல் மாத்தளைத் தோட்டங்களில் அதனை ஒழிக்கும் பணியைத் தொடங்கியது. மருந்து கொடுப்பது எளிதாயிருந்தது. மலசலகூடம் கட்டச் செலவழிப்பதற்குத் தோட்டங்கள் எளிதில் முன்வரவில்லை. மருந்துண்டவன் மறுபடியும் அதே மண்ணில் நடந்தான்.

1979 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆய்வு நம் மாணவர் அனைவரும் அறியவேண்டியது. எட்ஜேட்டன், காடினர் முதலிய அயல்நாட்டாரும், பேராதனை மருத்துவ பீடத்தோடு தொடர்புடைய செனவிரத்தின முதலிய நம் நாட்டாரும் சேர்ந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரை ஆராய்ந்தனர். இரத்தச்சோகை உடையோர்க்கு இரும்புச்சத்து ஊட்டி, ஒரு மாதத்தின் பின் அவர்கள் பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தனர். ஈமோகுளோபின் உயர்ந்தவர் மிகுதியாகப் பறித்தனர். யாருக்குச் சோகை கடுமையாயிருந்ததோ அவரிடத்தே முன்னேற்றமும் பெரிதாயிருந்தது. அவர்தம் உடலியக்கமும் கூடியது. பிறவிக் குணம் ஒரு மாத மாத்திரையால் மாறுமோ? மாறிற்று எனின் அது குணமன்று, நோய் என்க.

இதிலுள்ள சுழலைச் சற்று நின்று பார்த்தல் வேண்டும். நாட்சம்பளம் இத்தனை கிலோ என்னும் அளவோடு கட்டப்பட்டிருக்கும் தோட்டத்தில், அளவு குறைந்தவளுக்கு அரைப்பேர்தான் விழும். சோகையுள்ளவள் குறைவாகப் பறிப்பாள். குறைவாகப் பறித்தவளுக்குக் கூலி குறையும். கூலி குறைந்த வீட்டில் முதலிற் குறைவது கீரையும் மீனும் முட்டையும். அவற்றையும் கடைசியாக உண்பவள் அவளே. ரொட்டியோடு அவள் குடிக்கும் வெறுந்தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள், உணவிலுள்ள சிறிதளவு இரும்பும் உடலிற் சேராதபடி தடுக்கும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. உலகத்துக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுப்பவளுக்கு அத்தேயிலை செய்யும் கைம்மாறு இது! இத்தகைய பெண் மாலையில் பிள்ளையின் பாடக் கொப்பியைப் புரட்டிப் பார்க்கவில்லை என்று குறைகூறுமுன் ஆசிரியராகிய நாம் சற்று எண்ணவேண்டாமா?

இனிச் சிந்திக்கும் முறைக்கு வருவோம். 2002 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற உளநூலறிஞர் தானியேல் கானமன், மனத்தின் இரு நடைகளைப் பிரித்துக் காட்டினார். ஒன்று எண்ணாமலே விரைந்து முடிவு செய்வது. மற்றொன்று நின்று நிதானித்துக் கணக்கிடுவது. இப்பிரிவு பயனுடையதே. ஆனால் அதனைக் கையாள்வோர் சிலர், படித்தவர் நிதானித்து எண்ணுவோர் என்றும் ஏழைகள் விரைந்து எண்ணுவோர் என்றும் மக்களையே இரண்டாகப் பிரித்துவிடுகின்றனர். பழைய சோம்பற் கதை புதுச் சட்டை அணிந்து வந்தாற் போன்றது இது. கானமன் கூறிய இரு நடைகளும் ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் உள்ளவை. இரண்டு சாதியாருக்குப் பங்கிட்டுக் கொடுத்தவை அல்ல.

இதற்குத் தக்க மறுப்பு தமிழ்நாட்டு வயலிலிருந்தே வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் சாபிர், சியாயிங் சாவோ என்னும் நால்வர் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களிலே 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவரைப் பற்றியது. கரும்பு உழவனுக்குப் பணம் அறுவடைக்குப்பின் ஒருங்கே வரும். அதற்கு முந்திய மாதங்களில் நகை அடகுக்கடையிலும் பெயர் கடன் ஏட்டிலும் இருக்கும். ஒரே உழவனை அறுவடைக்கு முன்னும் பின்னும் அறிவுச் சோதனைக்கு உட்படுத்தினர். முன்னர் அவன் தவறியவை மிகுதி; பின்னர் குறைவு. ஆலை வெட்டுக்கு அனுமதிக்கும் நாள் உழவர்க்கு உழவர் வேறுபட்டமையால், பருவத்தின் விளைவு இது என்று தள்ளிவிடவும் இயலவில்லை. மூளை ஒன்றே, பிறப்பு ஒன்றே, படிப்பும் ஒன்றே. மாறியது மடியிலிருந்த பணம். கடனை எண்ணும் மனத்தில் மற்றவற்றை எண்ணுதற்கு இடம் குறைகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இம்முடிவை அப்படியே விழுங்குதலும் ஆகாது. அமெரிக்காவில் கார்வல்ஹோ முதலியோர் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், சம்பளநாளுக்கு முன்னும் பின்னும் ஏழைக் குடும்பத்தினரின் அறிவுத்திறனில் வேறுபாடு தென்படவில்லை. இத்துறை ஆய்வுகள் பலவற்றைத் திரும்பச் செய்து பார்த்து 2021 இல் வெளியிட்டவர்களும் சில நின்றன, சில நிற்கவில்லை என்றே கூறினர். ஒரு கிழமைத் தட்டுப்பாடு வேறு, ஓராண்டுக் காத்திருப்பு வேறு என்று கொள்ளுதல் பொருந்தும்போலும்.

எனக்குள்ள பெருங்குறை வேறொன்று. இவ்வுளநூலார் தட்டுப்பாட்டை மழை வெயில் போல ஓர் இயற்கைப் பொருளாக எடுத்துக்கொள்கின்றனர். மலைநாட்டிலே கடன் தானாக முளைத்ததன்று. வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று பெரிய கங்காணி எழுதிய முற்பணம் தொழிலாளியின் பெயரில் ஏறியது. அவன் வேறு தோட்டம் போக விரும்பினால், இன்ன தொகை கட்டினால் இவனை விடுவோம் என்று துரை எழுதிய துண்டு வேண்டும். துண்டைப் பெற்ற புதுத் தோட்டம் பழைய கடனை அடைத்து, அதனை மறுபடி அவன் தலையிலேயே எழுதும். மனிதன் மாறினான், கடன் மாறவில்லை. இம்முறை 1921 இலேதான் சட்டத்தால் ஒழிந்தது. அவ்வாறு கடனுக்குள் பிறந்து கடனுக்குள் இறந்தவர்கள் நாளையைப் பற்றி எண்ணவில்லை என்று கூறுவது எத்துணை நியாயம்? நாளை அவர்கள் கையில் இருந்ததா? 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர், எந்த நாட்டில் நாளை விடியும் என்பதே அவர்தம் மக்களிற் பலருக்குத் தெரியாமற் போயிற்று. காணி வாங்காமல் நகை வாங்கினர் என்று அவர்களைக் குறைகூறுவார் உளர். நாடு கடத்தப்படக்கூடியவன் கையிற் கொண்டுபோகத்தக்க பொருளைச் சேர்த்தல் மடமையோ மதியோ என்பதை வாசகர் தீர்க்கட்டும்.

அவர்கள் கணக்கறியாதவர் அல்லர் என்பதற்கு லயத்துப் பெண்களின் சீட்டே சான்று. யாருக்கு எந்த மாதம் தேவை, பூப்பு நீராட்டு யார் வீட்டில், பள்ளிச் செலவு யாருக்கு என்று எண்ணி முறை வைத்து, ஏடின்றியே நடத்துவர். இதனை நிதானச் சிந்தனை அன்றென்று எந்த உளநூல் கூறும்?

நம் பள்ளிகளிலே இக்கேள்வி ஆண்டுதோறும் எழுகின்றது. சாதாரண தரப் பெறுபேறு வந்தவுடன் உயர்தரத்துக்குப் பாடத்துறை தெரியவேண்டும். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல சித்தி பெற்ற தோட்டத்துப் பிள்ளை கலைத்துறைப் படிவத்தை நீட்டும்போது, பெற்றோருக்குத் தூரநோக்கு இல்லை என்று ஆசிரியர் அறையிலே பேசுகின்றோம். கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் வந்த பெற்றோர் சிலரோடு நான் அமர்ந்து பேசியதுண்டு. தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலை எத்தனை பேருந்து தள்ளி உள்ளது, கண்டியில் அறை வாடகை எவ்வளவு, பிரத்தியேக வகுப்புக்கு மாதம் என்ன கொடுக்கவேண்டும், இரண்டாம் முறை பரீட்சை எழுதவேண்டி வந்தால் இளையவனின் படிப்பு என்னாகும் என்பவற்றையெல்லாம் ஒரு தாய் விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். நான் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். அவள் சொன்ன தொகையே வந்தது. அவளுடைய மகள் இப்போது கலைப்பிரிவிற் படிக்கின்றாள்.